பிரியாணிக்கு முந்தின அங்கம்

பிரியாணியைச் சூடாகக் கொண்டுவருவது பெரிய வித்தையில்லை, தம்பி. எப்போது மூடியைத் திறப்பது என்பதுதான் வித்தை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளி மண்டபத்துக்கும் வாசல் கேட்டுக்கும் நடுவில் நான் ஓடிக்கொண்டிருந்தேன். பாத்தேக் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. உள்ளே பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். தலைமையாசிரியை பேசிக்கொண்டிருந்தார். அவர் உட்கார்ந்தால் நிகழ்ச்சி நிரலில் ஆறாவது அங்கம். அது முடிந்தால் ஏழாவது. ஏழாவதுதான் வரவுசெலவுத் திட்டம். சாப்பாட்டு வேனோ இன்னும் சாலை முக்கில் நிற்கிறது.

“அண்ணே, முன்னாடி ஒரு லோரி படுத்துருச்சு. நான் என்ன பறந்தா வர்றது?” என்றான் சாதிக் ஃபோனில்.

“இருநூறு பேருக்கு உண்டான கோழி உன்கிட்டதானே இருக்கு. றெக்கையைக் கடன் வாங்கிட்டு வா.”

சிரித்தான். ராமநாதபுரத்துப் பையன், பெர்மிட்டில் வந்து கிள்ளானில் ஒரு கடையில் அடுப்படியைப் பார்த்துக்கொள்கிறான். சொன்ன சொல் தவறாதவன். வந்துவிட்டான். பெரிய தேக்சாவை மண்டபத்தின் பக்கவாட்டுச் சன்னலுக்கு நேர் கீழே இறக்கச் சொன்னேன். காற்று அங்கிருந்துதான் உள்ளே வரும். பிறகு மேடைக்குப் போய், மைக்கைப் பிடித்து, “ஏழாவது அங்கம்” என்று சொல்லிக் கையை உயர்த்தினேன். வெளியே அவன் மூடியைத் திறந்தான்.

முன்மொழிய ஒரு கை. வழிமொழிய ஐந்தாறு கை. ஏகமனதாக நிறைவேறியது.

பதினெட்டு வருஷமாக எங்கள் புக்கிட் செராய் தமிழ்ப்பள்ளியின் வரவுசெலவுத் திட்டம் இப்படித்தான் நிறைவேறி வந்திருக்கிறது. சிரிக்காதீர்கள். ஏலக்காய் வாசனைக்கு நடுவில் எழுந்து நின்று “அது ஏன் அவ்வளவு?” என்று கேட்கிற தமிழன் இன்னும் பிறக்கவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் அந்தச் சங்கத்திலிருந்து ஒரு சென் எடுத்தவனில்லை. பிரியாணிகூட என் சொந்தக் காசு.

நீங்கள் முதலில் கேட்டது வெள்ளிக்கிழமை வந்த ஃபோனைப் பற்றி. மறக்கவில்லை, வருகிறேன். முதலில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் காசு எந்த வழியாக வருகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், இன்ஸ்பெக்டர் தனேஷ். அது தெரியாமல் மற்றதைக் கேட்டால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள்.

ஆசிரியர் சம்பளம் அரசாங்கம். அதில் சிக்கல் இல்லை. பிள்ளைகளின் தலையை எண்ணி, தலைக்கு இவ்வளவு என்று ஒரு மானியம் வரும். சுண்ணாம்புக்கட்டியிலிருந்து பந்து வரைக்கும் அதில்தான். எங்களைப் போல நூற்றுச் சொச்சம் பிள்ளைகள் இருந்தால், வருகிற பணம் சட்டைப் பையிலேயே அடங்கிவிடும். மீதிக்குப் பெற்றோர் சந்தா, கோயில் நன்கொடை, தேர்தல் பக்கத்தில் இருந்தால் தொகுதி உறுப்பினர் ஒய்.பி.யின் காசோலை. கட்டடம் மட்டும் தனிக் கதை. பகுதி உதவி பெறும் பள்ளியென்றால் கூரை ஒழுகுவது பள்ளி மேலாளர் வாரியத்தின் தலையில்தான் ஒழுகும். கட்டித் தாருங்கள் என்று விண்ணப்பம் போட வேண்டும். அது மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து மாநிலம், அங்கிருந்து புத்ராஜெயாவில் அமைச்சு. போகும். திரும்பி வந்ததில்லை.

அந்த விண்ணப்பத்தை வருஷா வருஷம் போட்டவன் நான். துறைமுகத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். எழுத்து வேலை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மேலாளர் வாரியம், பெற்றோர் சங்கம், இரண்டுக்கும் செயலாளர் இந்தப் பக்கிரிசாமிதான். என் பிள்ளைகள் படித்து முடித்துக் கல்யாணமும் ஆகிவிட்டது. பேரன் படிக்கிறான் என்று பெற்றோர் கணக்கில் தொடர்ந்தேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. தேர்தல் எட்டாவது அங்கம், சாப்பாட்டுக்குப் பிறகு. சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் தப்பாவ் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மீதிப் பேர், “இருக்கிறவரே இருக்கட்டும் லா” என்பார்கள்.

கார்த்திகா வந்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷம். செந்தூலில் வளர்ந்த பெண். கல்யாணமாகி எங்கள் பக்கத்துத் தாமானில், அந்தப் புதுக் குடியிருப்பில், வீடு வாங்கி, தினம் ரயிலேறிக் கோலாலம்பூரில் ஏதோ ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். மகள் கவிஷா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். முதல் கூட்டத்திலேயே, அதுவும் மூடி திறந்த பிறகு, எழுந்து நின்றாள்.

“அங்கிள், ஒரு கேள்வி.”

“சோறு ஆறிடும்மா.”

“சோறு ஆறினா சூடு பண்ணிக்கலாம் அங்கிள். கூரை விழுந்தா? அந்தப் பலகைக் கட்டடத்துக்குப் போட்ட விண்ணப்பத்தை நாங்க பார்க்கலாமா?”

மண்டபம் சிரித்தது. நான் நிதானமாகச் சொன்னேன்: நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயத்தை எடுக்க வேண்டுமானால், சங்க விதிப்படி ஏழு நாளுக்கு முன்னால் எழுத்து மூலம் செயலாளருக்குக் கொடுக்க வேண்டும். அவள் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள். அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு எட்டு நாள் முன்னால் எழுதிக் கொடுத்தாள். விதியைச் சொன்னால் விதியைப் படித்துக்கொண்டு வருகிற ரகம். எனக்கு அந்த ரகம் பிடிக்கும், தம்பி. உண்மையாகவே பிடிக்கும்.

அந்தக் கூட்டம் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நடந்தது. எல்லோர் கையிலும் ஒரு கிளாஸ் தே தாரிக் டீ.

“அங்கிள், விண்ணப்பத்துல ‘நிலம் தோட்டத்துக்குச் சொந்தம்’னு போட்டிருக்கீங்களே, எந்தத் தோட்டம்?”

“எந்தத் தோட்டமா? நாம உக்காந்திருக்கிற தோட்டம்தான்.”

“நாம உக்காந்திருக்கிறது தாமான், அங்கிள். நான் லீவு போட்டுட்டு நிலத்துறைக்குப் போய்ப் பார்த்தேன். ரப்பர்த் தோட்டக் கம்பெனி வித்துட்டுப் போறப்பவே இந்த இடத்தைப் பள்ளி வாரியம் பேருக்கு மாத்திக் குடுத்துட்டுத்தான் போயிருக்காங்க. நீங்க இன்னும் தோட்ட நிலம்னே எழுதிட்டிருக்கீங்க. அடுத்தவன் நிலத்துல கட்டறதுக்கு அரசாங்கம் எப்படிக் காசு குடுக்கும்? இத்தனை வருஷமா தப்பான வீட்டுக் கதவைத் தட்டியிருக்கோம்.”

பின்னாலிருந்து யாரோ, “பக்கிரி அண்ணே இன்னும் பால்மரம் வெட்டிக்கிட்டுத்தான் இருக்காரு லா!” என்றார்கள். கிளாஸ் குலுங்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லோரையும் விடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

புது விண்ணப்பத்தை அவளே எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன். செயலாளர் என்பதால் தொடர்புக்கு என் நம்பர். அவ்வளவுதான், எங்களுக்குள் ஒரு சண்டை கிடையாது. தீபாவளிக்கு முறுக்கு கொடுத்து அனுப்பினாள். நன்றாகத்தான் இருந்தது.

இப்போது கட்டடத்துக்கு வருவோம். தோட்டக் காலத்துப் பலகைக் கட்டடம். கரையான் அரித்து உத்தரம் தொங்கிவிட்டது. பிள்ளைகளை வெளியேற்றிவிட்டு, குத்தகைக்காரர் நான்கு இரும்புத் தாங்கிகளை உள்ளே முட்டுக்கொடுத்து, கதவைப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பிள்ளைகள் மண்டபத்தில் தடுப்பு வைத்துப் படித்தார்கள். ஒரு பக்கம் வாய்ப்பாடு, மறுபக்கம் மலாய்ப் பாட்டு. மழை வந்தால் இரண்டும் கேட்காது. இது சரியா? நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு அனுபவத்தில் தெரிந்த ஒன்று உண்டு. விண்ணப்பம் எவ்வளவு லட்சணமாக இருந்தாலும் அது வரிசையில்தான் நிற்கும். விழுந்தால்தான் முன்னால் வரும். ரவாங் பக்கம் ஒரு பள்ளியில் உட்கூரை விழுந்தது, மறுநாள் ஒய்.பி. வந்தார், டிவி வந்தது, மாதம் முடிவதற்குள் பணமும் வந்தது. எங்கள் கட்டடமும் விழத்தான் போகிறது. என்றைக்கோ விழுவதைக் கொஞ்சம் முன்னால் விழவைத்தால் யாருக்கு நஷ்டம்?

ஆகவே கூட்டத்துக்கு முதல்நாள், சனிக்கிழமை மத்தியானம், பள்ளியில் யாரும் இல்லாத நேரத்தில் போய் அந்தத் தாங்கிகளின் திருகைத் தளர்த்தினேன். நான்கில் மூன்று. கஷ்டமான வேலையில்லை. முடித்துவிட்டு வரும் வழியில் பாசாரில் வாழையிலை சொல்லிவைத்தேன். பொட்டலத்தில் இலை வைத்தால் வாசனை நிற்கும்.

நீங்கள் கேட்கப்போவது தெரிகிறது. கேளுங்கள்.

“ஆளில்லாம காலியா விழட்டும்னு நெனைச்சுத்தானே செஞ்சீங்க, அங்கிள்?”

நல்ல மனசு உங்களுக்கு. எனக்கு ஒரு வழி திறந்து வைக்கிறீர்கள். ஆனால் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அம்பாங்கில் ஒரு பள்ளியில் காலிக் கொட்டகை விழுந்தது. என்ன கிடைத்தது? சுற்றிலும் சிவப்பு நாடா கட்டி, ‘அருகில் வராதீர்’ என்று ஒரு பலகை வைத்தார்கள். அவ்வளவுதான். ரவாங்கில் மட்டும் பணம் ஏன் ஓடிவந்தது? அங்கே ஓர் ஆசிரியைக்குக் கை முறிந்தது. படத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும், தம்பி. வெறும் பலகையைப் பார்த்து யாருக்கும் இரக்கம் வராது.

பிள்ளைகள் கூடாது. அது எனக்கு அப்போதே தெளிவு. ஆசிரியர்கள் வேண்டாம், படிப்புக் கெடும். பெரியவர்களில், உடம்பு தெம்புள்ள ஆள், அடிபட்டாலும் சீக்கிரம் எழுந்துவிடக்கூடிய ஆள் வேண்டும். ஒரு கை, மிஞ்சினால் ஒரு கால் என்பதுதான் என் கணக்கு. கணக்கில் கூடக்குறைய வருவது சகஜம்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். ஏழாவது அங்கத்தை வழிமொழிந்தவர்களில் கார்த்திகாவும் ஒருத்தி. இந்த முறை கேள்வி கேட்கவில்லை, சிரித்தபடி கையைத் தூக்கினாள். ஆனால் இளம் பெற்றோர் இருபது முப்பது பேர் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். “முதல்ல ஓட்டு, அப்புறம் தப்பாவ்” என்று வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்களாம். எட்டாவது அங்கத்துக்கு அவள் பெயர் செயலாளர் பதவிக்கு முன்மொழியப்படும் என்று வாசலில் செருப்பு விடுகிறவனுக்குக்கூடத் தெரியும். எனக்கு அதில் வருத்தமில்லை. பதவி இன்றைக்கு வரும், நாளைக்குப் போகும்.

சாப்பாட்டு வரிசையில் அவளைக் கூப்பிட்டேன்.

“கார்த்திகாம்மா, உன் விண்ணப்பத்துக்கு இன்னும் ரெண்டு படம் வேணுமாம். உத்தரம் நல்லாத் தெரியணுமாம், உள்ளேயிருந்து எடுத்தது. நாளைக்குக் காலையிலேயே அனுப்பணும். இப்பன்னா வெளிச்சம் நல்லா விழும்.”

சாவியை நீட்டினேன்.

“செயலாளர் கையாலேயே சாவியா? அங்கிள், இன்னிக்கு மழை வரும் போல!” என்று சிரித்தாள். “உள்ள பயமில்லையே?”

“தாங்கி வெச்சிருக்கே. கதவு மட்டும் கொஞ்சம் இறுக்கம். தோளால ஓர் இடி இடிச்சாத்தான் திறக்கும்.”

“கவிஷாவைப் பார்த்துக்கோங்க. கோழின்னா மேலே இருக்கிறதைப் பிச்சுத் தின்னுட்டு சோத்தை வெச்சுடுவா.”

போனாள். நான் கவிஷாவின் பக்கத்தில் உட்கார்ந்து, எலும்பை எடுத்துவிட்டுக் கோழியைப் பிய்த்துப் போட்டேன். ஒரு முட்டையும் கூட வைத்தேன். “அம்மாவுக்கு?” என்று கேட்டது. “அம்மாவுக்குத் தனியா எடுத்து வெச்சாச்சு” என்றேன். எடுத்தும் வைத்திருந்தேன், அந்தப் பொட்டலத்தைச் சாதிக்கிடம் கேட்டுப் பாருங்கள், சொல்வான்.

சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. லோரியில் பலகை இறக்குவது போல இருந்தது. பக்கத்தில் நடக்கிற நெடுஞ்சாலை வேலைதான் என்று பலர் தலையைக்கூடத் திருப்பவில்லை. நான்தான் முதலில் எழுந்து ஓடினேன். அறுபது தாண்டின கிழவன் வெறுங்கையால் பலகைகளைப் புரட்டியதை எல்லோரும் பார்த்தார்கள். என் உள்ளங்கையில் சிராய் ஏறி, கிளினிக்கில்தான் எடுத்தார்கள். இந்தத் தழும்பைப் பார்த்து நீங்களும் கேட்டீர்கள். அதுதான்.

ஆனால் உத்தரம் நேராக விழுந்துவிட்டது.

பிறகு நடந்ததெல்லாம் நீங்கள் பேப்பரில் படித்திருப்பீர்கள். ஒய்.பி. வந்தார், டிவி வந்தது. பணம் இரண்டே வாரத்தில் வந்தது. ரவாங்கை விட வேகம். பதினெட்டு வருஷம் வராதது இரண்டு வாரத்தில் வந்துவிட்டதே என்று தலைமையாசிரியை உஷாராணி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். தள்ளிவைத்த எட்டாவது அங்கத்தை அடுத்த மாதம் கூடி முடித்தோம். துக்கத்தில் போட்டியெல்லாம் வேண்டாம் என்று எல்லோரும் சொன்னதால், போட்டியின்றி என்னையே தேர்ந்தெடுத்தார்கள். புதுக் கட்டடத்துக்கு ‘கார்த்திகா கட்டடம்’ என்று பெயர் வைக்கலாமென்று முன்மொழிந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நான். மண்டபமே எழுந்து நின்று வழிமொழிந்தது. அடிக்கல்லில் அவள் பெயர் பெரிதாக, தங்க எழுத்தில். என் பெயர் கீழே, சின்னதாகத்தான்.

இன்றைக்கு அங்கே தூண் எழும்பி நிற்கிறது. போய்ப் பாருங்கள். பிள்ளைகளுக்குத் தனி வகுப்பறை, மழைச் சத்தம் கேட்காத கூரை. ஒரு வரவுசெலவுத் திட்டத்தில் இதைவிட அதிகமாக யாரால் சாதிக்க முடியும்? விலை இல்லாமல் எது வருகிறது, தம்பி?

“அங்கிள், அந்த வெள்ளிக்கிழமை ஃபோன்.”

ஆமாம். வருகிறேன் என்று சொல்லியிருந்தேன் இல்லையா.

அது மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்தது. நல்ல மரியாதையுள்ள மலாய்க்கார அம்மா. அவரும் அடிக்கல் விழாவுக்கு வந்திருந்தார். வந்த இடத்தில் கார்த்திகாவின் கணவர் விஜயனிடம் போய் ஆறுதல் சொல்கிறேன் என்று பேச்சுக் கொடுக்காமல் இருந்திருந்தால், நாம் இரண்டு பேரும் இப்படி எதிரெதிரே உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருக்க மாட்டோம். “ஒரு நிம்மதி, பணம் கிடைச்சிருச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தானே அவங்க போனாங்க” என்று சொல்லியிருக்கிறார். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லையே என்று விஜயன் முழித்திருக்கிறான், நேரே உங்களிடம் வந்திருக்கிறான்.

வெள்ளிக்கிழமை அவர் சொன்னது இதுதான். “தஹ்னியா, எஞ்சே, வாழ்த்துகள். விண்ணப்பம் லூலூஸ், பாஸாயிடுச்சு, கட்டடம் முழுசுக்கும் பணம் உண்டு. கடிதம் பின்னால வரும்.” அப்புறம் சிரித்துக்கொண்டே, “இதை எழுதினது யாரு?” என்று கேட்டார். கார்த்திகா என்றேன். “இவ்வளவு தெளிவா ஒரு விண்ணப்பம் நான் பார்த்ததில்லை. அந்தக் கார்த்திகாகிட்ட அவசியம் சொல்லிடுங்க” என்றார்.

சொல்லிவிடுகிறேன் என்றேன்.

ஆமாம், தாங்கியைத் தளர்த்துவதற்கு முதல்நாள். ஆமாம், படம் எதுவும் யாரும் கேட்கவில்லை. வந்ததும் அதே பணம்தான். விழுந்ததால் வந்தது என்று நான் ஊருக்குச் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

உங்கள் முகம் ஏன் இப்படிப் போகிறது? எல்லோர் முன்னாலும் அன்றைக்கே அறிவித்திருக்கலாமே, அவள் கையில் ஒரு மாலையைக் கொடுத்திருக்கலாமே என்றுதானே நினைக்கிறீர்கள்? எனக்கும் மனசு இல்லாமல் இல்லை. ஆனால் அந்த விஷயம் நிகழ்ச்சி நிரலில் இல்லை, தம்பி. அவளுக்குச் சொன்ன விதிதான் எனக்கும். வெள்ளிக்கும் ஞாயிற்றுக்கும் நடுவில் ஏழு நாளுக்கு நான் எங்கே போவேன்?